ஐடில் சான்றிதழ்: எங்கே தொடங்கலாம், எங்கே நிற்கலாம்

கட்டாருக்கோ துபாய்க்கோ ஆள் எடுக்கும் ஐடி வேலை விளம்பரங்களை அடிவரை வாசித்தால், கடைசியில் ஒரு வரி கிடக்கும்: ஐடில் (ITIL) சான்றிதழ் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. கொழும்பில் ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாலும் அந்தப் பெயர் எங்காவது காதில் விழும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பட்டம் முடித்தவர்கள், கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் அம்பாறை ஹார்டியிலும் உயர் தேசிய டிப்ளோமா செய்தவர்கள், டவுனில் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் நிற்கிறவர்கள் என்று பலருக்கும் இதில் ஒரே மூன்று கேள்விதான். இது என்ன படிப்பு? செலவு எவ்வளவு முடியும்? செய்தால் வேலை கிடைக்குமா?

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழைக் காட்டினால் மட்டும் வேலை கிடைக்காது. நேர்முகத்துக்குக் கூப்பிடும் பட்டியலில் பெயர் நிற்க உதவும்; உள்ளே போன பிறகு அங்கே பேசுகிற பேச்சு விளங்கும். அந்த அளவுக்குத்தான் அதற்குப் பணம் கட்டவேண்டும். பெரிய பயிற்சிப் பொதி வாங்கச் சொல்லி யாராவது விளம்பரம் போட்டால் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதியை ஒருதரம் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு சனலிங் சென்டரும் ஒரு ரவுட்டரும்

ஐடில் சொல்லித்தருவது தகவல் தொழில்நுட்பச் சேவை முகாமைத்துவம். அப்படிச் சொன்னால் ஏதோ பெரிய கம்பனிகளின் விஷயம் போலத் தெரியும். மட்டக்களப்பு டவுனில் ஒரு சனலிங் சென்டரை நினைத்துப் பாருங்கள். காலையில் லாப் ரிப்போட்டுக்கும் பார்மசிக்கும் ஆட்கள் வந்து போவார்கள். டொக்டர்மார் வருவது பின்னேரம் நாலு மணிக்கு. மூன்றரைக்கே கதிரையெல்லாம் நிரம்பிவிடும். நம்பர் எழுதும் கவுண்டரில் கொம்பியூட்டரைப் போட்டால் நெட் வராது. கவுண்டரில் இருக்கிற அக்கா போன் எடுப்பார். "தம்பி, மறுகாலும் நெட் இல்ல. சனம் நிக்குது, கெதியா வாங்க." தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து ரவுட்டரை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துப் போடுவார். நெட் வந்துவிடும். அடுத்த நாள் அதே நேரம் அதே போன். "என்ன மனே, நேத்துத்தானே செய்துபோட்டுப் போனீங்க?"

இதில் நடந்தது இன்சிடன்ட். சேவை தடைப்பட்டது, திரும்ப வந்தது. இன்சிடன்ட் வந்தால் செய்யவேண்டியது சேவையை எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக மீட்பது. காரணத்தை ஆராய்வது அந்த நேரத்து வேலை அல்ல. ரவுட்டரை நிறுத்திப் போட்ட தம்பி பிழை ஒன்றும் செய்யவில்லை. அறுபது பேர் நிற்கும்போது கேபிளைக் கழற்றிப் பரிசோதித்திருந்தால்தான் பிழை. அதே நேரம் உள்ளறையில் கணக்கு எழுதுபவரின் பிரின்டரும் நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பது? எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள், எவ்வளவு அவசரம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து முன்னுரிமை கொடுக்கவேண்டும். மாத முடிவு அறிக்கை நாளைக்குப் போகலாம், கவுண்டர் பொறுக்காது.

ஏன் ஒவ்வொரு நாளும் அதே நேரம்? இந்தக் கேள்வி வேறு வேலை. அதற்குப் பெயர் புரோப்ளம். இதைச் சனம் இல்லாத நேரத்தில் ஆறுதலாக இருந்து பார்க்கவேண்டும். கவுண்டர் கொம்பியூட்டரில் ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்குகிறது. ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல், விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் அது கொடுக்கக்கூடியது மொத்தம் ஐம்பது முகவரிதான். வைஃபை பாஸ்வேர்ட் சுவரில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்களின் போன் எல்லாம் அதில்தான். ஆள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் போன் வாங்கிய முகவரியை ரவுட்டர் சில மணி நேரம் அவர் பேரிலேயே வைத்திருக்கும். மூன்றரைக்குக் கவுண்டர் கொம்பியூட்டர் எழும்பி வரும்போது மிச்சம் ஒன்றும் இல்லை. ரவுட்டரை நிறுத்திப் போட்டால் அந்தப் பட்டியல் அழிந்துபோகிறது, முதலில் கேட்கிறவருக்குக் கிடைக்கிறது. இதுதான் மர்மம்.

காரணம் தெரிந்துவிட்டது, இன்னும் சரிசெய்யவில்லை என்கிற இந்த நிலைக்கு ஐடில் வைத்திருக்கும் பெயர் நோன் எரர். சரிசெய்யும் வரைக்கும் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், அக்கா தானே நிறுத்திப் போட்டுக்கொள்வார், தம்பிக்கு ஒரு பயணம் மிச்சம். அந்த இடைக்கால வழி வேர்க்அரவுண்ட்.

அடுத்தது திருத்தம். வருகிறவர்களுக்குத் தனி வைஃபை, கவுண்டருக்கு நிலையான முகவரி. வேலை பத்து நிமிடம்தான். ஆனால் பின்னேரம் நாலு மணிக்கு அதில் கை வைக்கக்கூடாது. ஆட்கள் வராத ஞாயிறு காலையில் செய்யவேண்டும். பழைய அமைப்பை முதலில் சேமித்து வைக்கவேண்டும், பிசகினால் திரும்பிப் போக. பார்மசியின் கார்ட் மெஷினும் அதே வைஃபையில்தான் ஓடுகிறது என்பதை யாராவது ஞாபகப்படுத்தவேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் பார்மசி அண்ணர் போன் எடுப்பார். இப்படி யோசித்து, கேட்கவேண்டியவர்களிடம் கேட்டு மாற்றம் செய்வதைத்தான் சேஞ்ச் இனேபிள்மன்ட் என்கிறார்கள். ஐடி வேலையில் பெரிய கோளாறுகள் பல, நேற்று யாரோ செய்த நல்ல மாற்றத்தில் இருந்துதான் பிறக்கின்றன.

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்கு லொகின் வேண்டும் என்று கேட்டால் அது கோளாறு அல்ல, சேர்விஸ் ரிக்குவெஸ்ட். பின்னேரம் நாலு முதல் எட்டு வரை போன் எடுத்தால் கால் மணி நேரத்துக்குள் வருவேன் என்று சென்டர்காரரும் தம்பியும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால் அது சேர்விஸ் லெவல் உடன்படிக்கை.

ஐடிலின் முதற்படியான பவுண்டேஷன் பாடத்தில் பரீட்சைக்கு ஆழமாக வரும் பகுதியில் பெரும்பங்கை இப்போது வாசித்துவிட்டீர்கள். கடையில் நின்று வேலை பழகியவர்கள் இதையெல்லாம் ஏற்கெனவே செய்கிறவர்கள்தான். அவர்கள் செய்யாதது எழுதிவைப்பது.

எங்கே இருந்து வந்தது

1980களில் பிரித்தானிய அரசின் கணினி, தொலைத்தொடர்பு முகவரகம் தன் திணைக்களங்கள் கணினிச் சேவையை எப்படி நடத்தவேண்டும் என்று புத்தகம் புத்தகமாக எழுதத் தொடங்கியது. முப்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். அந்தத் தொகுப்புக்குத்தான் இந்தப் பெயர்: Information Technology Infrastructure Library, சுருக்கமாக ஐடில். பிறகு அதைச் சுருக்கிச் சுருக்கித் திருத்தினார்கள்: மூன்றாவது பதிப்பு 2007, அதன் திருத்தம் 2011, ஐடில் 4 வந்தது 2019. உரிமையும் கைமாறியது. 2013இல் பிரித்தானிய அரசும் கபிட்டா என்ற கம்பனியும் சேர்ந்து அக்செலோஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. 2021இல் அதைப் பீப்பிள்சேர்ட் வாங்கியது. இப்போது பரீட்சையும் அவர்களே, புத்தகமும் அவர்களே.

இந்தச் சரித்திரத்தால் நமக்கு ஒரு பயன் உண்டு. வட்சப் குழுக்களில் சுற்றும் பிடிஎஃப்களில் பாதி மூன்றாவது பதிப்பு. அதில் 26 செயன்முறைகள், ஐந்து கட்ட வாழ்க்கைச் சக்கரம் என்று இருக்கும். நாலாவது பதிப்பில் அந்த அமைப்பே இல்லை, 34 பிராக்டிஸ்கள், அதாவது இன்சிடன்ட், புரோப்ளம் போன்றவற்றைக் கையாளும் வேலைமுறைகள். பழைய நோட்ஸை மனப்பாடம் செய்துவிட்டுப் புதிய பரீட்சைக்குப் போய் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பதிப்புகள் இனியும் மாறும் என்பதால், காசு கட்டும் முன் பீப்பிள்சேர்ட் இணையத்தளத்தில் அன்றைக்கு நடப்பில் இருக்கும் பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்துவிடுங்கள். இலவசம்தான்.

பவுண்டேஷன்

முதற்படி பவுண்டேஷன். ஐடில் 4 பரீட்சையில் 40 பல்தேர்வு வினாக்கள், 60 நிமிடம், புத்தகம் பார்க்க முடியாது, 26 சரியாக இருந்தால் சித்தி. பிழைக்குப் புள்ளி கழிக்கமாட்டார்கள், ஆகவே ஒன்றையும் விடாமல் அடையாளமிடுங்கள். தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுகிறவர்களுக்கு 25 சதவீதம் மேலதிக நேரம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு 75 நிமிடம். முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. வகுப்புக்குப் போகாமல் வீட்டில் படித்தும் எழுதலாம்.

பாடத்தில் ஏழு வழிகாட்டும் கொள்கைகள், நான்கு பரிமாணங்கள், சேவை மதிப்பு முறைமை என்று கொஞ்சம் தத்துவம் இருக்கிறது. ஏழில் ஒன்று, இப்போது எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள் என்பது. உள்ளதை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டாதீர்கள், கையில் இருப்பதில் எது உதவும் என்று முதலில் பாருங்கள் என்று பொருள். இன்னொன்று, எளிமையாக வையுங்கள் என்பது. ஐடில் புத்தகமே அதைக் கடைப்பிடித்திருக்கிறதா என்பது வேறு கதை. 34 பிராக்டிஸ்களில் பரீட்சைக்கு வருவது 15. அவற்றில் ஏழை விளக்கமாகத் தெரிந்திருக்கவேண்டும், எட்டுக்கு நோக்கம் தெரிந்தால் போதும். ஏழில் ஐந்தை மேலே சனலிங் சென்டரில் பார்த்தோம். மிச்சம் இரண்டு: முறைப்பாடுகள் வந்து சேரும் சேர்விஸ் டெஸ்க், தொடர்ச்சியான மேம்பாடு.

வினா எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒன்று அமைக்கிறேன். ஒரு கோளாறின் காரணம் ஆராயப்பட்டுவிட்டது, ஆனால் தீர்க்கப்படவில்லை. இது என்ன? இன்சிடன்ட், ஈவென்ட், நோன் எரர், சேஞ்ச் என்று நான்கு விடை. வேலை அனுபவம் உள்ளவர்கள், கோளாறு இன்னும் இருக்கிறதுதானே என்று இன்சிடன்டில் கை வைப்பார்கள். விடை நோன் எரர். அனுபவசாலிகள் இந்தப் பரீட்சையில் சறுக்கும் இடம் இதுதான்: தங்கள் அலுவலகத்தில் எப்படிச் செய்கிறோம் என்று யோசித்துப் பதில் போடுவது. புத்தகம் என்ன சொல்கிறதோ அதையே போடவேண்டும். உயர்தரத்தில் பல்தேர்வு செய்து பழகியவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

கட்டணம்தான் நெஞ்சை இடிக்கும். டொலரில் நூற்றுக்கணக்கில் வரும். ரூபாயாக மாற்றினால் லட்சத்தை எட்டும், தாண்டவும் செய்யும். பரீட்சைக்கான வவுச்சரோடு மின்புத்தகமும் சேர்ந்து வரும். தவறினால் இன்னொரு தரம் எழுதுவதற்கான டேக் டூ என்ற ஒன்றையும் விற்கிறார்கள். அதைப் பரீட்சைக்கு முன்பே வாங்கியிருக்கவேண்டும், தவறிய பிறகு வாங்க முடியாது. ஆங்கில வாசிப்பில் நம்பிக்கை குறைவென்றால் அந்தக் காசு வீண்போகாது.

அதற்கு மேலே

பவுண்டேஷனுக்குப் பிறகு பாதை பிரிகிறது. மனேஜிங் புரொபஷனல் என்ற பட்டத்துக்கு இன்னும் நான்கு பாடங்கள். ஸ்ட்ராட்டஜிக் லீடருக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று முந்தைய நான்கில் ஒன்றாகவும் வருவது. பிராக்டிஸ் மனேஜர் என்பது அன்றாட வேலைக்கு நெருங்கிய பாதை. அதில் இன்சிடன்ட், புரோப்ளம், சேர்விஸ் டெஸ்க் முதலிய ஐந்து பிராக்டிஸ்களையும் ஒன்றாகச் சேர்த்து மொனிட்டர், சப்போர்ட் அண்ட் ஃபுல்ஃபில் என்று ஒரு பாடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்டர்.

மேல்நிலைப் பாடங்கள் பலவற்றுக்கு வீட்டில் படித்துவிட்டுப் பரீட்சைக்கு இருக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் படித்திருக்கவேண்டும். செலவு அங்கேதான் ஏறும். என் அபிப்பிராயம் வெட்டொன்று துண்டிரண்டு: பவுண்டேஷனோடு நில்லுங்கள். ஒரு சேர்விஸ் டெஸ்க்கில் இரண்டு, மூன்று வருடம் இருந்து பாருங்கள். மேலே படிக்கவேண்டிய கட்டம் வரும்போது கம்பனியிடமே செலவைக் கேட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பீர்கள். வேலை அனுபவம் இல்லாத ஒருவர் மனேஜிங் புரொபஷனல் என்று சுயவிபரக் கோவையில் போட்டால், நேர்முகம் செய்பவர் முதலாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அகலக்கால் வைத்த கதைதான்.

காசு இல்லாதவர்களுக்கு

ஃபிட்எஸ்எம் என்று ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஒரு திட்டத்தில் பிறந்த, கைக்கடக்கமான சேவை முகாமைத்துவ நியமம். அதன் ஆவணங்கள் முழுவதையும் இலவசமாக இறக்கலாம். ஐடிலைவிடச் சிறியது, நேரடியானது. அதற்கும் சான்றிதழ்ப் பரீட்சை உண்டு. ஆனால் நம் பக்கத்து வேலை விளம்பரங்களில் அந்தப் பெயரை யாரும் கேட்பதில்லை. எனவே படிப்பதற்கு ஃபிட்எஸ்எம், காட்டுவதற்கு ஐடில் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆவணங்களைப் படித்துவிட்டு ஐடிலுக்குப் போனால் பாதிப் பாரம் குறையும்.

இன்னொரு வேலையும் காசில்லாமல் செய்யலாம். ஜி.எல்.பி.ஐ., ஓஎஸ்டிக்கெட் போன்றவை திறந்த மூல டிக்கெட் மென்பொருட்கள், அதாவது வருகிற முறைப்பாடுகளைப் பதிந்துவைப்பவை. பழைய லப்டொப் ஒன்றில் லினக்ஸ் போட்டு இதில் ஒன்றை நிறுவுங்கள். கடையில் நிற்கிறவராக இருந்தால் வருகிற ஒவ்வொரு வேலையையும் அதில் டிக்கெட்டாகப் பதியுங்கள்: யார், என்ன கோளாறு, எப்போது வந்தது, எப்போது முடிந்தது, என்ன செய்தோம். சில மாதத்தில் எந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்பது தானாகத் தெரியும். நேர்முகத்தில் இதைத் திறந்து காட்டக்கூடிய ஆள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அடிப்படை ஐடி அறிவே இன்னும் ஆட்டமாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கொம்ப்டியா ஏ பிளஸ் என்பது வன்பொருள், இயங்குதளம், நெட்வேர்க் எல்லாம் சேர்ந்த ஆரம்பச் சான்றிதழ். இரண்டு பரீட்சை, இரண்டு கட்டணம். கூகுளின் ஐடி சப்போர்ட் படிப்பு கோசேராவில் இருக்கிறது. நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 169.254 என்ன என்று தெரியாமல் புரோப்ளம் மனேஜ்மன்ட் படித்து ஆவது ஒன்றுமில்லை.

ஐ.எஸ்.ஓ. 20000, கோபிட் என்ற பெயர்களும் கண்ணில் படும். முதலாவது சேவை முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமம், 2005இல் வந்தது. அதில் சான்று பெறுவது நிறுவனம்தான், தனியாட்கள் அதை நடைமுறைப்படுத்தவும் கணக்காய்வு செய்யவும் படிக்கலாம். கோபிட் ஐசாக்கா அமைப்பினுடையது. ஐடி ஆளுகை, கணக்காய்வுப் பக்கம் போகிறவர்களுக்கானது. இரண்டும் ஆரம்பக்காரருக்கு இப்போது தேவையில்லை.

பரீட்சை நாள்

பரீட்சையை வீட்டில் இருந்தே எழுதலாம். கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை. ஆனால் கண்காணிப்பாளர் ஒருவர் வெப்கேம் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். தொடங்கும் முன் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார். மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது, அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது. சின்னம்மா தேத்தண்ணியோடு கதவைத் திறந்தால் சிக்கல். வீட்டில் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லி வையுங்கள், கதவைப் பூட்டுங்கள்.

கார்த்திகை, மார்கழி மாரியில் திகதி எடுக்காதீர்கள். வெள்ளம் வந்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும். கோயிலுக்குப் பக்கத்து வீடென்றால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் வாரத்தையும் விட்டுவிடுங்கள். லவுட்ஸ்பீக்கர் கட்டியபிறகு நாற்பது வினாவில் மனசு நிற்காது. லப்டொப் பட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, ரவுட்டரைச் சிறிய யூபிஎஸ் ஒன்றில் மாட்டி, போனில் ஹொட்ஸ்பொட் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். பரீட்சை மென்பொருளை முதலே நிறுவிச் சோதித்துப் பார்க்கும் வசதி உண்டு. அலுவலகத்து லப்டொப் என்றால் அதை நிறுவ விடாது, சொந்தமானதைப் பாவியுங்கள்.

பெயரில் கவனம் வேண்டும். நமக்குத் தகப்பன் பெயர் முன்னால், இனிஷியல் ஒரு இடத்தில், பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, கடவுச்சீட்டில் இன்னொன்று. கணக்குத் திறக்கும்போது, பரீட்சை நாளில் காட்டப்போகும் ஆவணத்தில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பதியுங்கள். கடவுச்சீட்டு இருந்தால் அதுவே சுகம். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது சான்றிதழும் கடவுச்சீட்டும் ஒரே பெயரில் இருக்கும். காசு கட்டும் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்பதையும் வங்கியில் கேட்டுவிடுங்கள்.

சித்தியடைந்தால் சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும். அதற்குள் அதே பரீட்சையைத் திரும்ப எழுதலாம், ஐடில் வரிசையில் அடுத்த ஒன்றை எழுதலாம், அல்லது சந்தா கட்டி வருடத்துக்கு 20 தொடர் கற்றல் புள்ளிகள் பதிந்து புதுப்பிக்கலாம். இவற்றில் எதுவும் இலவசம் அல்ல. அதனால் சான்றிதழை எப்போது எடுப்பது என்பதையும் கணக்குப் பார்க்கவேண்டும். படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே எடுத்தால், மூன்றில் இரண்டு வருடம் வேலை தேடாமலேயே கரைந்துபோகும். கடைசித் தவணைப் பயிற்சிக்குப் போகும் நேரமோ, வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்குவதற்குச் சில வாரம் முன்போ எடுத்தால், விண்ணப்பத்தில் போடும் திகதி புதிதாக இருக்கும்.